அந்தப் பக்கத்து அத்தை

குழம்புக்கு உப்புப் போட்டோமா இல்லையா என்று அம்மாவுக்கு எப்போதும் சந்தேகம் வரும். கரண்டியைக் கையில் பிடித்தபடி, "இதுக்கு உப்புப் போட்டனா?" என்று அடுப்பைப் பார்த்துக் கேட்பாள். பதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும்.

"போட்டுட்டீங்க மதினி. புளிய ஊத்துனதும் போட்டீங்க. டப்பா மூடுன சத்தம் கேட்டுச்சு."

அது அத்தையின் குரல். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் நான்கு பேர் பேசினோம். கண்ணுக்குத் தெரிந்தது மூன்று பேர்தான்.

பெரகல சந்தியிலிருந்து மேலே ஏறி வந்தால் எங்கள் தேயிலைத் தோட்டம். அப்பாவுக்குப் பேக்டரியில் வேலை. அம்மா மலையில் கொழுந்து எடுத்தாள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் எங்களுக்குத் தொங்கல் காம்பரா, வரிசையின் கடைசி வீடு. அதனால் எங்களுக்குப் பக்கத்து வீடு என்று இருந்தது ஒரே ஒரு வீடுதான். இரண்டுக்கும் நடுவில் இருந்த சுவர் கூரைவரை போகாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே எழும்பி நின்றுவிடும். அதற்கு மேல் தகரம்வரை வெறும் இடைவெளி. அந்த வழியாக எங்கள் வீட்டுப் புகை அத்தை வீட்டுக்குப் போகும், அத்தை வீட்டுக் கருவாட்டு வாசம் எங்கள் வீட்டுக்கு வரும். பேச்சும் அப்படித்தான்.

அத்தை எங்களுக்குச் சொந்தம் இல்லை. அப்பாவை அண்ணே என்று கூப்பிட்டாள், அதனால் எனக்கு அத்தை. அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவள் இப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால், பெயரை அச்சில் பார்த்து முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடியிருப்பாள்.

ஏனென்றால் அத்தையின் பேச்செல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தால்தான். நேரில் பார்த்தால் அவளுக்கு வார்த்தை வராது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் அம்மாவும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். அம்மா ஏதாவது கேட்டால் சிரிப்பாள், தலையை ஆட்டுவாள், கூடைக் கயிற்றைச் சரி செய்வாள். திமிர் இல்லை. முகத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஒரு தடவை கோயில் திருவிழாவுக்கு நாங்கள் எல்லாரும் பதுளைக்குப் போனோம். பஸ்ஸில் அம்மாவும் அத்தையும் ஒரே சீட்டில். போகும்போது பேச்சில்லை. கோயிலில் பேச்சில்லை. திரும்பி வரும்போது ஹாலிஎலயில் பஸ் பழுதாகி நின்று, எல்லாரும் இறங்கி ரோட்டோரம் நின்றோம். அப்போதும் அத்தை அம்மாவின் பக்கத்தில் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். லயத்துக்கு வந்து சேர்ந்தோம். அவரவர் கதவைத் திறந்து உள்ளே போனோம். அம்மா செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"மதினி, காலைல பஸ்ல ஏறுனதுலருந்து ஒன்னு கேக்கணும்னு நெனச்சேன். அந்த முன்சீட்டுப் பொம்பள கட்டியிருந்தது பட்டா, பாலியஸ்டரா?"

அம்மா அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு அன்றைய நாள் முழுவதையும் இரண்டு பேரும் முதலிலிருந்து பேசினார்கள். கோயிலில் கூட்டம், பஸ் பழுதானது, கண்டக்டர் கோபப்பட்டது எல்லாம். ஒன்றாகப் போய்வந்த பயணத்தை, போகாதவளுக்குச் சொல்வதுபோல் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

அத்தைக்கு ஒரு வாசகம் உண்டு. எங்கள் வீட்டுப் பேச்சுக்குள் நுழையும்போதெல்லாம், "நா ஒன்னும் கேக்கல, ஆனா..." என்றுதான் தொடங்குவாள். அந்த "ஆனா"வுக்குப் பிறகு, நாங்கள் பேசிய ஒரு சொல்லையும் விடாமல் கேட்டிருந்தாள் என்பது தெரியும்.

அம்மாவுக்குப் பிரஷர் குக்கர் வாங்கித் தரவேண்டும் என்று அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை பதுளைக்குப் போனார். திரும்பி வரும்போது தலையில் ஒரு கேரம் பலகை இருந்தது. நல்ல பெரிய பலகை. கதவில் நேராக நுழையாமல் சாய்த்து நுழைந்தது.

"இது என்ன?" என்றாள் அம்மா.

"கேரம் போர்டு."

"நா கேட்டது என்ன?"

"குக்கர் அடுத்த மாசமும் கடையில இருக்கும். இது ஒன்னுதான் மிஞ்சி இருந்துச்சு. நல்ல மரம், தட்டிப் பாரு."

அம்மா தட்டிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அப்பாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். ஒரே அறையில் எப்படிப் பேசாமல் இருப்பது? சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"கேட்டுக்கோங்க மதினி. இனிமே இந்த வீட்டுல பருப்ப இந்தப் பலகையில வச்சுத்தான் அவிக்கணுமாம்."

அப்பாவும் சுவரைப் பார்த்தார். "தங்கச்சி, மனுசனுக்கு வேல முடிஞ்சு வந்தா ஒரு பொழுதுபோக்கு வேணுமா வேணாமா? நீங்களே சொல்லுங்க."

அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "நா ஒன்னும் கேக்கல அண்ணே. ஆனா அந்தப் பலகையில எப்பிடி வெளையாடுறது?"

அப்பா உற்சாகமாகிவிட்டார். வெள்ளைக் காய் எது, கறுப்புக் காய் எது, நடுவில் சிவப்பு எதற்கு, விரலை எப்படி வைத்துச் சுண்டவேண்டும் என்று சுவருக்குப் பாடம் எடுத்தார். அத்தை விடாமல் கேள்வி கேட்டாள். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவளுக்கு விளங்காமல் இல்லை, அம்மாவுக்கு விளங்கவேண்டும் என்றுதான் கேட்டாள் என்று பிற்பாடு அம்மாவே சொன்னாள். அந்த வாரமே அம்மா கட்டிலில் பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் சோற்றை வடித்துவிட்டு இரண்டு பேரும் விளையாடுவார்கள். அம்மாதான் அதிகம் ஜெயித்தாள். காய் பலகையில் மோதுகிற சத்தத்தை வைத்தே அத்தை ஆட்டத்தைப் பிடித்துக்கொள்வாள்.

"செவப்பு விழுந்துருச்சா மதினி?"

"விழுந்துருச்சு."

"அண்ணே பாவம்."

அத்தையின் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தார். தீபாவளிக்கும் தோட்டத்துக் கோயில் தேருக்கும்தான் வருவார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் வந்திருக்கும் நாட்களில் அந்தப் பக்கம் மெல்லிய பேச்சு மட்டும் கேட்கும். அப்பா உடனே ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவார். நாங்களும் மெதுவாகப் பேசுவோம். அந்த நாட்களில் எங்கள் வீட்டுக் குழம்பு உப்பில்லாமல் இருக்கும், இல்லாவிட்டால் வாயில் வைக்க முடியாமல் கரிக்கும்.

அவர் திரும்பிப் போகிற அன்று சாயங்காலம் அம்மா வேண்டுமென்றே நிறையப் பேசுவாள். பதில் தெரிந்த கேள்வியெல்லாம் கேட்பாள். "மதினி, நாளைக்கு என்ன கெழம?" என்பாள். காலண்டர் அம்மாவின் தலைக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருக்கும். முதலில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வரும். பிறகு, "புதன்" என்று வரும். கொஞ்சம் கழித்துச் சுவருக்கு மேலே ஒரு கை தெரியும். கண்ணாடி வளையல் போட்ட கை. அந்தக் கையில் ஒரு கிண்ணத்தில் அவர் கொண்டுவந்த மஸ்கட் இனிப்புத் துண்டுகள் இருக்கும். அந்தப் பக்கம் பெட்டியின் மேல் ஏறி நின்று நீட்டுவாள். நான் கட்டிலில் ஏறி வாங்கிக்கொள்வேன்.

இவ்வளவு கேட்டவள் வெளியே ஒரு வார்த்தை சொன்னதில்லை. மலையில் வேலை செய்கிற பெண்களுக்கு இது பெரிய ஏமாற்றம். "தொங்கல் வீட்டுல நேத்து என்ன சத்தம்?" என்று அவளிடம் கேட்பார்கள். அவள் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே அடுத்த செடிக்குப் போய்விடுவாள். நேரில் பேச வராது என்பது ஒரு பக்கம். பேச வந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டாள் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் அவள் கேட்கிறாள் என்று தெரிந்தும் எங்கள் வீட்டில் யாரும் குரலைத் தாழ்த்தியதில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு வருடம், வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று அம்மா முடிவு செய்தாள். லயத்தில் பலபேர் போயிருந்தார்கள். அப்பா வேண்டாம் என்றார். அம்மா பிடிவாதமாக இருந்தாள். நாள்கணக்கில் அந்தப் பேச்சே ஓடியது. நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். அத்தை மட்டும் வாயே திறக்கவில்லை. அம்மாதான் கடைசியில் பொறுக்காமல் கேட்டாள்.

"மதினி, நீங்க ஒன்னும் சொல்லலையே."

"நா என்னத்தச் சொல்றது? போறதுன்னா போயிட்டு வாங்க. புள்ளைய நா பாத்துக்குவேன். சோறு பொங்கித் தருவேன், தல பின்னி விடுவேன்." வளையல் சத்தம் கேட்டது. "என்னையத்தான் யாரும் பாத்துக்க முடியாது."

அம்மா விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள். மறுநாள் காலையில் எழுந்து எல்லாருக்கும் ரொட்டி சுட்டாள். வெளிநாட்டுப் பேச்சை அதற்குப் பிறகு அவள் எடுக்கவே இல்லை.

மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்த பிறகு, மழை பிடித்தால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் தூக்கம் வராது. எங்கள் லயத்துக்கு மேலேயும் நிலத்தில் ஒரு வெடிப்புக் கண்டது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். அங்கே இருக்கக்கூடாது என்று சொல்லி எல்லாரையும் பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். பெரிய மண்டபம், நடுவில் ஒரு தடுப்புக்கூட இல்லை. குடும்பம் குடும்பமாகப் பாய் போட்டுக்கொண்டோம். அத்தை எங்களுக்குப் பக்கத்தில்தான் பாய் போட்டாள். அம்மாவும் அவளும் கை நீட்டினால் தொடுகிற தூரம். ஆனால் அவள் பேசவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே மழை கொட்டியது. ஒவ்வொரு இடிக்கும் அவள் முழங்காலை இன்னும் இறுக்கிக்கொண்டதை நான் பார்த்தேன்.

அம்மாவும் பார்த்தாள். எழுந்து பைக்குள் கையை விட்டு ஒரு சேலையை எடுத்தாள். ஜன்னல் கம்பிக்கும் மேசைக் காலுக்கும் குறுக்கே அதைக் கட்டினாள். எங்கள் பாய்க்கும் அத்தையின் பாய்க்கும் நடுவே அந்த மெல்லிய சேலை தொங்கியது. விளக்கு வெளிச்சத்தில் அத்தையின் நிழல் அதில் தெரிந்தது.

"மதினி, அங்கிட்டு இருக்கீங்களா?" என்றாள் அம்மா.

"இருக்கேன்" என்று பதில் வந்தது. "எனக்குப் பயமா இருக்கு மதினி."

"எனக்குந்தான்."

"அண்ணே அந்தக் கேரம் பலகைய எடுத்துட்டு வந்தாரா?"

"அதத்தான் மொதல்ல எடுத்தாரு. எஞ் சாமான விட்டுட்டாரு."

சேலைக்கு அந்தப் பக்கம் அத்தை சிரித்தாள். அடுத்த பாயில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

லயத்துக்குத் திரும்பிப் போகவில்லை. கீழே சரிவில்லாத இடத்தில் புதிதாகத் தனி வீடுகள் கட்டித் தந்தார்கள். இரண்டு அறை, ஒரு சமையல் கட்டு, முன்னால் பூச்செடி வைக்க இடம். கூரைவரை எழும்பிய சுவர்கள். அம்மா அந்தச் சுவர்களைக் கையால் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். யாருக்கு எந்த வீடு என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். எங்கள் வீடு கீழ் வரிசையில் விழுந்தது. அத்தையின் வீடு மேல் வரிசையில், கடைசி.

புதுவீட்டில் முதல் நாள் சமையல். அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டே, "இதுக்கு உப்புப் போட்டனா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். நான் அடுத்த அறையிலிருந்து, "தெரியலம்மா" என்றேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சண்டை நீண்டது. முன்பெல்லாம் அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டால் நடுவில் "நா ஒன்னும் கேக்கல" என்று ஒரு குரல் நுழையும், இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடும். இப்போது நுழைய ஆளில்லை. சின்ன விஷயம் மூன்று நான்கு நாட்கள் ஓடியது. கேரம் பலகை கட்டிலுக்குக் கீழே போனது.

அத்தை வராமல் இல்லை. வருவாள். முன்வாசலில் நிற்பாள். "உள்ள வாங்க மதினி" என்றால் வந்து நாற்காலி நுனியில் உட்காருவாள். அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பாள். இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்து குடிப்பார்கள். அத்தை கோப்பையைப் பார்ப்பாள், கதவைப் பார்ப்பாள். "வர்றேன் மதினி" என்று எழுந்து போய்விடுவாள். அம்மா அவள் வீட்டுக்குப் போனாலும் அதே கதைதான்.

ஒரு நாள் அப்படிப் போய்விட்டு வந்து அம்மா அழுதாள். "பக்கத்துல இருந்தப்ப நடுவுல ஒரு செவுரு மட்டுந்தான் இருந்துச்சு. இப்ப என்னமோ கொழும்புல இருக்கிற மாதிரி இருக்கு. அவங்களுக்கு நா சலிச்சுப் போயிட்டேன் போல."

அப்பா அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

பள்ளிக்கூடம் முடித்து நான் பண்டாரவளையில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து சீக்கிரமாக வந்துவிட்டேன். அம்மா சமையல் கட்டில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அப்பா முன்னறையில் உட்கார்ந்திருந்தார். அம்மா தனக்குத்தானே முனகினாள். "தேங்காப்பூ கொறஞ்சு போச்சோ..."

"கொஞ்சம் கொறவுதான். மாவு பிசையிற சத்தத்துலயே தெரியுது" என்று ஜன்னலுக்கு வெளியேயிருந்து ஒரு குரல் வந்தது.

அம்மாவின் கை நின்றது. நான் ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் மெதுவாக எட்டிப் பார்த்தேன். சமையல் கட்டுச் சுவருக்கு வெளியே, ஒரு கருங்கல்லின் மேல், முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு அத்தை உட்கார்ந்திருந்தாள். மடியில் கீரைக்கட்டு. கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். எத்தனை நாளாக அப்படி வந்து உட்கார்ந்தாளோ தெரியாது. அன்றைக்குத்தான் பொறுக்கமுடியாமல் வாயைத் திறந்திருக்கிறாள்.

அம்மா கையைக்கூடக் கழுவாமல் பின்கதவை நோக்கி ஓடினாள். அப்பா முன்னறையிலிருந்து எழுந்து வந்து குறுக்கே நின்றார்.

"வெளிய போகாத."

"ஏங்க, மதினி வந்திருக்காங்க."

"தெரியும். நீ போய் மொகத்துக்கு முன்னால நின்னா அந்தப் புள்ள எந்திரிச்சுப் போயிரும். உள்ளயே இருந்து பேசு."

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு திரும்பி அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றாள். குரலைச் சரி செய்துகொண்டு, "மதினி, அங்கிட்டு இருக்கீங்களா?" என்றாள். குரல் சரியாகவில்லை, உடைந்தது.

"இருக்கேன். அழுதுக்கிட்டே மாவு பிசையாதீங்க, உப்பு கூடிரும்."

அப்பா அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கிருந்தோ ஒரு பலகை கொண்டுவந்து அந்த இடத்தில் உட்காரத் தோதாக ஒரு பெஞ்சு அடித்தார். மழை நனைக்காமல் மேலே ஒரு தகரமும் போட்டார். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. அத்தையும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே கீரைக்கட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஜன்னலுக்குத்தான் நான் முதலில் ஒருவரைப் பற்றிச் சொன்னேன். எங்கள் கடைக்கு எதிரே உள்ள இரும்புக்கடையில் வேலை செய்கிறவர். மடுல்சீமைத் தோட்டத்துப் பிள்ளை. நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் "சில்லறை இருக்கா" என்ற அளவில்தான். ஆனால் மழை பெய்தால் அவர் தன் குடையை எங்கள் கடை வாசலில் வைத்துவிட்டு நனைந்துகொண்டே போவார். இதை நான் அம்மாவிடம் சமையல் கட்டில் வைத்துச் சொன்னேன். அம்மா யோசித்துக்கொண்டு நின்றாள்.

"நா ஒன்னும் கேக்கல" என்றது வெளியே இருந்த குரல். "ஆனா மீச இருக்கா?"

"இருக்கு அத்தை. கொஞ்சமா."

"அது போதும்."

கொஞ்ச நாளில் அவரே அவர் அம்மாவை அழைத்துக்கொண்டு பெண் பார்க்க வந்துவிட்டார். இரண்டு பேர்தான் வந்தார்கள். அவருடைய அம்மா கட்டையாக, நிமிர்ந்து நடக்கிற ஆள். வீட்டுக்கு வருகிற வழியில் யாரிடமோ விசாரித்திருக்கிறார். பெண் வீட்டாரோடு ரொம்பக் காலம் பக்கத்தில் இருந்தவர் அத்தைதான் என்று தெரிந்துகொண்டு, எதிரே தண்ணீர்க் குடத்தோடு வந்த அத்தையை நிறுத்தி, "அந்தப் பொண்ணு எப்பிடிங்க?" என்று கேட்டிருக்கிறார். அத்தை என்ன செய்வாள்? முந்தானையை எடுத்து வாயைப் பொத்தினாள், தரையைப் பார்த்தாள், விறுவிறு என்று போய்விட்டாள்.

நான் தேத்தண்ணித் தட்டோடு முன்னறைக்கு வந்தபோது அந்த அம்மா இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நா சுத்தி வளைக்கமாட்டேன். ஒங்க கூடவே இருந்தவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டேன். வாயே தொறக்காம போயிட்டாங்க. ஏதாச்சும் விசயம் இருந்தா இப்பவே சொல்லிருங்க. பின்னால தெரிஞ்சா ரெண்டு பக்கமும் மனக்கஷ்டம்."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "அவங்க அப்பிடித்தாங்க. ஆளப் பாத்துப் பேசமாட்டாங்க."

"செவுத்துக்கு அந்தப் பக்கம்னா பேசுவாங்க" என்றார் அப்பா.

அந்த அம்மா அப்பாவை ஒரு மாதிரி பார்த்தார். அப்பா விளக்க விளக்க அது இன்னும் கோணலாகப் போனது. பெண் பார்க்க வந்தவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா தேத்தண்ணிக் கோப்பையைத் தொடாமல் மேசையில் தள்ளி வைத்தார். நான் தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது சமையல் கட்டு ஜன்னலுக்கு வெளியேயிருந்து குரல் வந்தது.

"நா ஒன்னும் கேக்கல மதினி. ஆனா அந்தம்மா நம்ம புள்ளையப் பத்திக் கேட்டாங்க. மொகத்துக்கு நேரா கேட்டதுல எனக்கு நாக்கு ஒட்டிக்கிருச்சு. இப்ப சொல்றேன்."

"யாருங்க அது?" என்று அந்த அம்மா திரும்பினார்.

"நாஞ் சொன்னேன்ல, அவங்கதாங்க" என்றார் அப்பா. "கொஞ்சம் கேளுங்க."

அத்தை சொன்னாள். "அந்தப் புள்ளைக்குக் கோவம் சட்டுனு வரும். வந்தா பாத்திரத்தத் தட்டித் தட்டிக் கழுவும். கழுவி முடியிறப்ப கோவமும் முடிஞ்சிரும். குளிக்கப் போனா பாடும். நல்லா இருக்காது. காலைல எழுப்புறது கஷ்டம்."

அவர் குனிந்த தலையை நிமிர்த்தாமல் சிரித்ததை நான் பார்த்தேன்.

"பரிச்சையில பெயிலானப்ப அவங்கம்மா முன்னால அது அழல. அம்மா தண்ணிக்குப் போன பிறகுதான் அழுதுச்சு. அம்மா வர்ற சத்தம் கேட்டதும் மொகத்தத் தொடச்சுக்கிட்டு, அடுத்த தடவ பாத்துக்கலாம்மான்னு அதுதான் அவங்களுக்கு ஆறுதல் சொல்லுச்சு. அவங்கப்பா காலு ஒடஞ்சு கெடந்தப்ப தெனமும் பேப்பர் வாசிச்சுக் காட்டும். கெட்ட சேதியெல்லாம் விட்டுட்டு வாசிக்கும். நல்ல சேதி இல்லன்னா அதுவா ஒன்ன சேத்து வாசிக்கும்."

அப்பா என்னைப் பார்த்தார். "கூலி ஏறப்போகுதுன்னு வாசிச்சியே?"

நான் தட்டைப் பார்த்தேன்.

அந்த அம்மா என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நாற்காலியைச் சமையல் கட்டு ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "சமையல் எப்பிடிங்க?" என்று வெளியே பார்த்துக் கேட்டார்.

"அது சுமாருதாங்க."

அந்த அம்மா சிரித்துவிட்டார். தள்ளி வைத்த கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார். "இப்பிடி உள்ளத உள்ளபடி சொல்ற ஆளு எங்க கெடைக்கும்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதுவரை ஒரு வார்த்தையும் பேசாத அவர் தொண்டையைச் செருமினார். ஜன்னலைப் பார்த்து, "அத்தை" என்று கூப்பிட்டார். வந்த கொஞ்ச நேரத்திலேயே அத்தை என்று கூப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது. "ஒங்களுக்குத்தான் எல்லாம் தெரியுது. அவங்களுக்கு என்னையப் புடிச்சிருக்கா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். அத்தைக்குத் தெரியும். குடையைப் பற்றித் தெரியும், மீசையைப் பற்றித் தெரியும், அதற்குப் பிறகு நான் சமையல் கட்டில் நின்று அம்மாவிடம் சொன்னது அத்தனையும் தெரியும். இப்போது சொல்லிவிடுவாள் என்று எனக்கு முகமெல்லாம் சூடேறியது.

"தம்பி" என்றாள் அத்தை. "அது எங்கிட்ட கேக்குறது இல்ல. அந்தப் புள்ள மொகத்தப் பாத்துக் கேளுங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. அத்தையைப் போலவே அவருக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது. நான் தட்டை மேசையில் வைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் வெளியே பெஞ்சு அசைகிற சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம், மேல் வரிசையை நோக்கிப் போனது. எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் கேட்டவள், அந்த ஒன்றைக் கேட்காமல் எழுந்து போய்க்கொண்டிருந்தாள்.